புழற்கோட்டம்

புழல் என்ற பெயரைக் கேட்டதும் இக்காலத்தவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, சென்னை மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரி. மற்றொன்று, 2006ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மத்திய சிறைச்சாலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அப்பெயரைச் சொல்லியிருந்தால், கேட்டவர் நினைவில் ஒரு நிலப்பரப்பு முழுவதும் விரிந்திருக்கும். மேற்கே ஏரிகளும் நெல்வயல்களும், கிழக்கே மணல்மேடுகளும் உப்பங்கழியும் கடலும் அமைந்த பெருநிலம் அது. திருவொற்றியூரும் மணலியும் அதில் அடங்கியிருந்தன. அந்நிலப்பரப்பிற்குப் புழற்கோட்டம் என்று பெயர். இன்று துறைமுகமும் எண்ணெய் ஆலையும் மின்நிலையங்களும் நிறைந்து, பழமை ஏதும் இல்லாதது போலத் தோன்றும் வடசென்னைப் பகுதியின் முதல் முகவரி அதுவே.

அந்தக் கோட்டத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம். அரசர்களின் போர்களையும் பட்டங்களையும் நாம் பள்ளியில் நிரம்பப் படிக்கிறோம். அவர்கள் ஆண்ட நிலம் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது, அந்தப் பகுப்பை யார் செய்தனர், அரசர் மறைந்த பின்னர் அது என்ன ஆயிற்று என்ற வினாக்களை நாம் அதிகம் கேட்பதில்லை. கேட்டால் வியப்பான விடை கிடைக்கிறது. அரசன் வகுத்தான், அதனால் நாடு உண்டாயிற்று என்று நாம் எண்ணுகிறோம். புழற்கோட்டத்தின் கதையோ வேறுவகையாக உள்ளது. அங்கே பிரிவு முன்னரே இருந்தது. அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதன்மேல் தம் பெயரை ஒட்டிச் சென்றனர்.

பாலாற்றையும் அதன் வடக்கே உள்ள ஆறுகளையும் தழுவிய தொண்டை நாடு 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. புழல், புலியூர், ஈக்காடு, மணவில், செங்காடு, எயில், ஊற்றுக்காடு, காலியூர், களத்தூர், ஆமூர், வேங்கடம் முதலியவை அவற்றுட் சில. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்தது. குடவோலை முறைக்குப் பெயர் பெற்ற உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்தில் உள்ளது. கோட்டத்தின் உட்பிரிவு நாடு. நாட்டின் உட்பிரிவு ஊர். காவிரி பாயும் சோழ மண்டலத்தில் கோட்டம் என்ற பிரிவு இல்லை. அங்கே நாடும் கூற்றமுமே உண்டு. கோட்டம் தொண்டை நாட்டிற்கே உரிய சொல்லாட்சி எனலாம்.

24 கோட்டங்கள், 79 நாடுகள், 1,900 நத்தங்கள் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 24ஐ 79ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,896 வரும். கோட்டம் ஒன்றுக்கு 79 ஊர் என்று யாரோ ஒரு கணக்கர் பிற்காலத்தில் வட்டத்தொகையாக்கினாரோ என்று ஐயுற இடமுண்டு. கல்வெட்டுகளைப் பார்த்தால் கோட்டங்கள் ஒரே அளவினவாக இல்லை, நாடுகளும் அவ்வாறே. சில நாடுகள் பத்துப் பன்னிரண்டு ஊர்களோடு நின்றுவிடும், சில பெரியவை. நிலமும் நீரும் எங்கே எவ்வளவு இடம் கொடுத்தனவோ அங்கே அவ்வளவு ஊர்கள் திரண்டன. அந்தத் திரட்சியே நாடு. சோழ நாட்டு நாடுகளை ஊர் ஊராகத் தேடி வரைபடம் ஆக்கிய பேராசிரியர் எ. சுப்பராயலு, 1973இல் வெளியான தம் நூலில், நாடு என்பது அரசாணையால் வெட்டப்பட்ட துண்டு அன்று, வேளாண் ஊர்கள் இயல்பாகத் திரண்ட தொகுதி என்ற முடிவுக்கே வந்தார்.

தொகையை அழகுபடுத்தும் இவ்வாசை நமக்கு மட்டும் உரியது அன்று. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், இங்கிலாந்தை அடுத்துள்ள வேல்சு நாட்டிலும் இடைக்காலத்தில் இத்தகைய பிரிவுகள் இருந்தன. அவற்றிற்குக் கான்ட்ரெவ் என்று பெயர். அந்நாட்டு மொழியில் ‘கான்ட்’ என்றால் நூறு, ‘ட்ரெவ்’ என்றால் குடியிருப்பு. ஆக, நூறு ஊர் என்பது பொருள். ஒரு கான்ட்ரெவ் பெரும்பாலும் கும்முட் என்னும் இரண்டு சிறு பிரிவுகளாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஐம்பது ஊர். இப்படித்தான் அந்நாட்டுச் சட்ட நூல்கள் சொல்கின்றன. உண்மை நிலத்தில் அவ்வளவு ஒழுங்கு இருக்கவில்லை. அச்சட்டங்களைத் தொகுப்பித்தவன் என்று போற்றப்படும் ஹைவெல் என்னும் அரசன் 950ஆம் ஆண்டளவில் இறந்தான். அப்போது தஞ்சையில் நம் முதலாம் பராந்தகன் ஆண்டுகொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாடுகள், ஒரே நூற்றாண்டில், ஏறத்தாழ ஒரே வகையான பிரிவுகளை வைத்துக்கொண்டு வரி தண்டின, வழக்குத் தீர்த்தன. அந்நாட்டின் முடிவைப் பின்னர்க் காண்போம்.

கோட்டம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? இதில் அறிஞர் கருத்து ஒன்றாக இல்லை. கோட்டை என்பதோடு சேர்த்துக் கூறுவோர் உளர். சூழ்ந்த மதிலகம் என்ற பொருளில் கோயிலையும் அச்சொல் குறிக்கும், சிறையையும் குறிக்கும். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறிய கதையை மணிமேகலை கூறுவது நீங்கள் அறிந்ததே. புழலில் இன்று சிறைச்சாலை இருப்பதை எண்ணும்போது இச்சொற்பொருள் சற்றே முறுவலை வருவிக்கிறது. ஆயினும் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. கோடு என்றால் வளைவு. நீரின் கரை என்ற பொருளும் அதற்கு உண்டு. தொண்டை நாடு வற்றாத ஆறு இல்லாத நாடு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை வளைந்த கரைகட்டித் தேக்கினால்தான் அங்கே தை மாதத்தில் நெல் அறுக்கலாம். கரை வளைந்த இடத்தில் ஏரி; ஏரி இருந்த இடத்தில் ஊர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், கோட்டத்தின் பிறப்பு அதுதான்.

புழலுக்கு ஒரு பழங்கதையும் உண்டு. ஆட்டு மந்தைகளோடு வாழ்ந்த குறும்பர் என்னும் மக்கள் இந்நாட்டை 24 கோட்டைகளாகப் பிரித்து ஆண்டனர் என்றும், அவர்களின் தலைமைக் கோட்டை புழலில் இருந்தது என்றும், ஆதொண்டைச் சோழன் படையெடுத்து வந்து அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்றும் அக்கதை கூறுகிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லி, திருமுல்லைவாயில் கோயிலில் இரண்டு எருக்கந்தூண்களை இன்றும் காட்டுகின்றனர். 1821இல் மறைந்த கர்னல் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளிலும் இக்கதை பலவாறாகப் பதிவாகியுள்ளது. ஆதொண்டையை எந்தக் காலத்தில் வைப்பது என்று கல்வெட்டுகள் நமக்குக் கூறவில்லை. எனவே இதை வரலாறு என்று ஏற்க இயலாது. ஆனால் கதைக்குள் ஒரு நினைவு புதைந்து கிடக்கிறது. மேய்ச்சல் நிலம் உழவு நிலமாக மாறியபோது ஒரு கூட்டம் தோற்றது, மற்றொரு கூட்டம் வென்றது என்பதே அந்நினைவு. வென்றவர் சொன்ன கதையாதலால், தோற்றவர் பக்கத்து நியாயம் அதில் இல்லை.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். புழற்கோட்டத்தின் வரலாற்றுக்குத் தலையாய ஆவணக் களஞ்சியம் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில். 1912ஆம் ஆண்டளவில் கல்வெட்டுத் துறையினர் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். பல்லவன் அபராசிதன் காலம் முதல் விசயநகரக் காலம் வரை, ஏறத்தாழ 500 ஆண்டுகள் அச்சுவர்கள் பேசுகின்றன. அரசர் மாறுவர், எழுத்து மாறும், நாணயத்தின் பெயரும் மாறும். ஊரின் முகவரியில் புழற்கோட்டம் மட்டும் நிலைத்து நிற்கும்.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபராசிதனை வென்று முதலாம் ஆதித்தன் தொண்டை நாட்டைச் சோழ ஆட்சிக்குள் கொணர்ந்தான். 949இல் தக்கோலப் போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான். தொண்டை நாடு இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போயிற்று. கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்றும், கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்றும் குறிக்கும். வடக்கே மானியகேடத்தில் இருந்து ஆண்ட அவனுடைய கல்வெட்டுகளிலும் தொண்டை நாட்டு ஊர்கள் தத்தம் கோட்டத்தின் பெயராலேயே சுட்டப்படுகின்றன. நாட்டைக் கைப்பற்றியவன் நாட்டின் பகுப்பைக் கைவைக்கவில்லை. கைவைத்தால் வரி எங்கே, எவரிடம் கேட்பது என்பது அவனுக்கே தெரியாமற் போயிருக்கும்.

அப்போர் திருவொற்றியூருக்கு ஒரு துறவியைத் தந்தது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்னும் வீரர் இராசாதித்தனுக்குத் தோழராகவும் படைத்தலைவராகவும் இருந்தார். தலைவன் இறந்தபோது தாம் உடன் இருந்து உயிர் விட இயலவில்லையே என்ற துயரம் அவரை வாட்டியது. உலக வாழ்வை வெறுத்துக் கங்கையாடித் திரும்பி, திருவொற்றியூர் மடத்தில் நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டு சதுரானன பண்டிதர் என்னும் பெயர் பெற்றார். 959ஆம் ஆண்டில், கன்னரதேவனின் 20ஆம் ஆட்சியாண்டில், அவர் வைத்த அறக்கட்டளைக் கல்வெட்டிலிருந்தே இவ்வரலாறு நமக்குத் தெரிகிறது. தம் நண்பனைக் கொன்ற அரசனின் ஆட்சியாண்டையே அவர் கல்லில் பொறிக்க வேண்டியிருந்தது! அவருக்குப் பின் மடத்துத் தலைவர்கள் வழிவழியாகச் சதுரானன பண்டிதர் என்றே அழைக்கப்பெற்றனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் இருந்த சதுரானன பண்டிதரின் முயற்சியால், வீரசோழத் தச்சன் என்னும் பட்டம் பெற்ற இரவி என்ற சிற்பி, யானையின் பின்புறம் போல் வளைந்த கருவறை விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தான். இன்று நாம் காண்பது அந்த விமானமே.

சோழர் மீண்டும் வலிமை பெற்று முதலாம் இராசராசன் அரியணை ஏறியபின் பெயர்மாற்றம் தொடங்கிற்று. தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. மண்டலத்துக்கும் நாட்டுக்கும் இடையே வளநாடு என்ற புதிய பிரிவைச் சோழர் தம் நாட்டில் அமைத்திருந்தனர்; அதற்கு அரசரின் பட்டப்பெயரைச் சூட்டினர். அவ்வழக்கம் தொண்டை நாட்டிற்கும் வந்தது. ஆனால் இங்கே புதிய எல்லை வகுக்கத் தேவை நேரவில்லை. கோட்டத்தையே வளநாடு என்று அழைத்துவிட்டனர். புலியூர்க் கோட்டம் ‘குலோத்துங்க சோழ வளநாடு’ என்று பெயர் பெற்றது. புழற்கோட்டம் ‘விக்கிரமசோழ வளநாடு’ என்று பெயர் பெற்றது. கல்வெட்டுகளில் ‘இன்னதான இன்னது’ என்று இரு பெயரும் சேர்ந்தே வரும். புதுப்பெயரை மட்டும் எழுதினால் ஊரார்க்கு விளங்காது என்று கல்தச்சனும் அறிந்திருந்தான் போலும். நம் நகரத் தெருக்களுக்குப் புதுப்பெயர் சூட்டிய பின்னும் பழம்பெயரை அடைப்பில் எழுதுகிறோம் அல்லவா? அது போன்றதே இது.

இனி, கோட்டத்தில் யார் என்ன செய்தனர் என்று பார்ப்போம். உயிர் இருந்தது நாட்டில். அதை இயக்கியவர் நாட்டார். அவர்கள் பணி என்ன என்பதை நன்கு விளக்குவது, ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊரைக் கொடையளித்த கசாக்குடிச் செப்பேடு. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் வெளியிட்டது அது. அரசனின் திருமுகம் முதலில் நாட்டார்க்கு வந்தது. அவர்கள் அதை எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைத்தனர். பின்னர் ஊரெல்லையைத் தாமே சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கு திசையிலும் எல்லை இன்னது என்று ஓலை எழுதித் தந்தனர். நிலத்தைக் கொடுத்தவன் அரசன்தான். ஆனால் அந்த நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லத்தக்கவர் நாட்டாரே. காஞ்சியில் இருந்த அரசனுக்கு எந்த ஓடை எந்த ஊரது என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை.

நாட்டார் என்றால் நாட்டில் உள்ளார் அனைவரும் அல்லர். நிலம் உடையவர் மட்டுமே நாட்டார். ஊர்ப்பெயரோடு கிழவன், கிழான், உடையான் என்ற சொற்களைச் சேர்த்து வழங்கப்பெற்றவர்கள் அவர்கள். புழற்கோட்டத்தில் ஞாயிறு நாடு என்று ஒரு நாடு உண்டு. செங்குன்றத்துக்கு வடக்கே ஞாயிறு என்ற ஊர் இன்றும் இருக்கிறது. சுந்தரரை மணந்த சங்கிலியார் அவ்வூரில் ஞாயிறு கிழவரின் மகளாகப் பிறந்தார் என்று பெரியபுராணம் கூறும். ஞாயிற்றில் பிறந்த அம்மையார் திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிப் பூத்தொண்டு செய்தார். அங்கே மகிழமரத்தடியில், அவரைப் பிரியேன் என்று சுந்தரர் சூளுரைத்த வரலாறு தமிழ் மக்கள் அனைவரும் அறிந்தது. உழவு ஊரில் செல்வாக்குள்ள ஒரு நிலக்கிழாரின் குடும்பம், கோட்டத்தின் பெருங்கோயிலோடு எத்தகைய உறவு கொண்டிருந்தது என்பதற்கு இக்கதை ஓர் எடுத்துக்காட்டு. அதே புராணம், அதே ஊரின் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வாணிகம் செய்த கலிய நாயனாரையும் காட்டுகிறது. நாட்டாரும் வணிகரும் செக்காட்டுவோரும் துறவியரும் கோயிலில் கூடினர். இரண்டாம் இராசாதிராச சோழன் தன் 9ஆம் ஆட்சியாண்டில் திருவிழாக் காலத்தில் இங்கு வந்து, சதுரானன பண்டிதர் முதலியோருடன் அமர்ந்து, சுந்தரரின் புராணம் படிக்கக் கேட்டான் என்று ஒரு கல்வெட்டு கூறுகிறது. வடமொழி இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபமும் இக்கோயிலில் இருந்தது.

அந்தணர் ஊர்களுக்குச் சபை இருந்தது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலி, அன்று சிம்மவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்ற மறுபெயர் உடைய அந்தணர் ஊர். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னனின் பெயரை, சோழர் காலக் கல்வெட்டிலும் அவ்வூர் சுமந்துகொண்டிருந்தது. அதன் சபையார் நிலம் விற்றதும் அறக்கட்டளைப் பொறுப்பு ஏற்றதும் திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. இங்கும் மேலே சொன்ன இயல்பே. மணலி என்பது மணலைப் பார்த்து மக்கள் இட்ட பெயர். சதுர்வேதிமங்கலம் என்பது அரசர் இட்ட பெயர். எது நின்றது என்பதை வழிகாட்டிப் பலகையே சொல்லும்.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் இவ்வரலாறு பாதி வரலாறாகும். மூன்றாம் இராசராசன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், திருவொற்றியூர்க் கோயிலில் நெல் குற்றும் பணிக்காக ஐந்து பெண்களையும் அவர்கள் வழியினரையும் ஒருவர் கோயிலுக்குக் கொடையாகக் கொடுத்தார் என்று ஒரு கல்வெட்டு உண்டு. விளக்குக்கு ஆடு கொடுப்பது போல, நிலம் கொடுப்பது போல, மனிதரைக் கொடுத்தனர். பிறவாத குழந்தைகளும் அக்கொடையில் அடக்கம். அரசனின் ஓலையைத் தலைமேல் வைத்து எல்லை நடந்த நாட்டாரின் உரிமையைப் பாராட்டும் நாம், அதே நாட்டில் உரிமை ஏதும் இல்லாதவர் எத்தனை பேர் உழைத்தனர் என்பதையும் அதே கல்லிலிருந்துதான் அறிகிறோம். பழந்தமிழரின் உள்ளாட்சியைப் பற்றி மேடைகளில் பேசுவோர் இந்தக் கல்வெட்டைப் படிப்பது அரிது.

எனினும் கோயிற்பணி செய்த பெண்கள் எல்லாக் காலத்தும் வாய்பேசாது இருந்தனர் என்று எண்ண வேண்டா. 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் இராசநாராயணன் காலத்தில் இதே கோயிலில் ஒரு பூசல் எழுந்தது. பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்று மூவகைப் பணிப்பெண்கள் இருந்தனர். ஆடலும் பாடலும் பிற பணிகளும் யாருக்கு உரியவை, யார் முன், யார் பின் என்பதில் அவர்கள் உடன்படவில்லை, பணிகள் தடைப்பட்டன. ஒருமுறை முடிவு செய்தும் தீராமல், விசயநகர இளவரசன் கம்பண உடையார் காலத்தில், 1371ஆம் ஆண்டில், அரசு அதிகாரியும் கோயில் நிர்வாகத்தாரும் பிறரும் மீண்டும் மண்டபத்தில் கூடி முறை வகுத்தனர். அம்முடிவும் சுவரில் பொறிக்கப்பட்டது. வழக்கு வென்றவர் யார் என்பதைக் காட்டிலும், அவர்கள் வழக்காட முடிந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1279ஆம் ஆண்டோடு சோழப் பேரரசு முடிவுற்றது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1282இல், வேல்சு நாட்டின் இளவரசன் இலுவெலின் ஆங்கிலேயரோடு நடந்த போரில் மாண்டான். 1284இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு ஒரு சட்டம் இயற்றி அந்நாட்டின் வடமேற்கில் ஆங்கில முறைப்படி மாவட்டங்களை நிறுவினான். நிறுவிய மாவட்டங்களுக்குள்ளே பழைய கும்முட்டுகளை அப்படியே இருக்கவிட்டான்! 1536ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சட்டங்கள் அவற்றிற்கு வேறு பெயர் இட்டபோதும், பல இடங்களில் எல்லை பழையதே. வென்றவன் கன்னரதேவனாயினும் எட்வர்டாயினும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றாகவே இருந்தது. இங்கும் சோழருக்குப் பின் பாண்டியர், தெலுங்குச் சோடர், சம்புவராயர், விசயநகரத்தார் என்று ஆள்வோர் மாறினர். விசயநகரத்தார் இராச்சியம் என்ற பெரும்பிரிவை மேலே வைத்தனர். அதன் கீழே கோட்டமும் நாடும் முகவரியில் தொடர்ந்தன.

அப்படியாயின் கோட்டம் எப்போது மறைந்தது? போரில் அன்று, கணக்கேட்டில் மறைந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் வருவாய்க் கணக்குப் புதிய சொற்களில், புதிய பிரிவுகளில் எழுதப்பட்டது. 1639இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலக் கம்பெனிக்கு, 1708இல் நவாபு தாவூத்கான் ஐந்து ஊர்களை அளித்தான். திருவொற்றியூர், சாத்தாங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்பன அவை. அவற்றுள் கத்திவாக்கம் எண்ணூரை ஒட்டியது. கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் அவை தனித்தனி ஊர்களே. எந்தக் கோட்டம், எந்த நாடு என்ற பேச்சு எழவில்லை. 1763இல் நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுப் பகுதி முழுவதையும் கம்பெனிக்குச் சாகீராகக் கொடுத்தான். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் அப்பகுதியை ஊர் ஊராக அளந்து எழுதினார். அரசாங்கம் நாட்டாரைக் கேளாமல் நேரே ஊரை அளக்கத் தொடங்கியதும் நாட்டாருக்கு வேலை இல்லாமற் போயிற்று. எல்லை நடக்க ஆள் தேவைப்படாதபோது எல்லையும் மறக்கப்பட்டது. 1818இல் சென்னைக் கலெக்டர் எல்லிசு, காணியாட்சி உரிமையைப் பற்றி எழுதியபோது, 24 கோட்டம், 79 நாடு என்னும் செய்தி பழமரபாகவே அவருக்குக் கிடைத்தது. வாழ்ந்த அமைப்பு அதற்குள் கேள்விச் செய்தி ஆகிவிட்டது.

அதன் பிறகு வந்த மாற்றங்கள் விரைவானவை, நீங்கள் அறிந்தவை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசாவுக்கு இரயில் ஓடியது. அர்ச். இராயப்பர் பெயரால் வழங்கும் அந்தக் கடற்கரைப் பேட்டை பழங்கல்வெட்டுகள் அறியாத புதிய ஊர். 1870களில் புழல் ஏரி நகரத்தின் குடிநீர்த் தேக்கமாக மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் தன் கோட்டத்து வயலுக்குப் பாய்ந்த நீர், நகரக் குழாய்களுக்குத் திரும்பிற்று. 20ஆம் நூற்றாண்டில் எண்ணூரில் அனல் மின்நிலையமும் மணலியில் எண்ணெய் ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் செயற்படத் தொடங்கிற்று. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. அங்கு மீன் பிடிப்போர் அதை எதிர்த்து நெடுநாளாகப் போராடி வருகின்றனர். ஏரி ஓரிடத்தில், கழிமுகம் வேறிடத்தில், இரண்டையும் வேறு வேறு அலுவலகங்கள் பார்க்கின்றன. ஒரே நீரின் தலையும் காலும் அவை என்பதைப் பழைய கோட்டத்தின் எல்லை அறிந்திருந்தது.

திருவொற்றியூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அதனுள் வந்தது. ஞாயிறு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. சங்கிலியார் பிறந்த ஊரும் அவர் மணந்த ஊரும் இப்போது இரு மாவட்டங்களில் உள்ளன. புழற்கோட்டம் என்று எழுதிய கற்கள் மட்டும் தியாகராசர் கோயில் சுவரில், பூட்டிய கதவு ஏதும் இன்றி, செல்வோர் கை எட்டும் உயரத்திலேயே இருக்கின்றன.